பியட் காரும் பெட்ரோல் பைப்பும்

போன வாரம் லோயர் கேம்ப் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு சின்னமனூரிலிருந்து பழைய சகா ஒருவர் போன் செய்தார். நலம் விசாரித்து முடித்ததும், "அது கெடக்கட்டும், அந்தப் பியட்டு இன்னும் ஓடுதா, வித்துட்டீரா?" என்றார். ஓடுகிறது ஐயா. விற்கவில்லை. ஆனால் ஒரு தடவை அதை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய நிலைமை வந்தது. அதைத்தான் இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பியட் என்று வாய் சொன்னாலும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பிரீமியர் பத்மினி. நம் ஊர்ப் பக்கம் யார் அதைப் பத்மினி என்று சொன்னார்கள்? பம்பாய் குர்லாவில் செய்து வந்தது, பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பியட்தான். என்னுடையது 1989 மாடல். 1996-இல் கம்பத்தில் ஒரு திராட்சை வியாபாரியிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட்டு. குடும்பத்தோடு சுருளிக்கும் வீரபாண்டித் திருவிழாவுக்கும் போய் வந்த வண்டி.

வாங்கி இரண்டு வருஷத்தில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அடியில் போகும் பெட்ரோல் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. டேங்க் பின்னால் டிக்கிப் பக்கம், என்ஜின் முன்னால். நடுவே வண்டியின் அடிவயிறு முழுக்க ஓர் இரும்பு பைப் போகிறது. சேறும் தண்ணீரும் அதில்தான் அடிக்கும். கம்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு வழி இருக்கு. இரும்பு பைப்பே புதுசாப் போடலாம். தேனிக்குப் போய் வாங்கி, வளைச்சு, நட்டுப் போட்டு, ரெண்டு நாள் ஆகும். இல்லேன்னா பிளாஸ்டிக் பைப்பு. மீட்டர் கணக்குல வெட்டித் தர்றான். அரை மணி நேர வேலை" என்றார்.

அந்த மாதம் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. "பிளாஸ்டிக்கே போடுங்கண்ணே" என்றேன். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. பாதி டாக்சிகளில் அப்படித்தான் இருந்தது. முனையை வெந்நீரில் முக்கினால் இளகும், அப்படியே தள்ளி ஏற்றி ஒரு கிளிப் போட்டு முறுக்கினால் வேலை முடிந்தது. கண்ணாடி மாதிரி இருப்பதால் பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். எனக்கே அது பிடித்திருந்தது. பானெட்டைத் திறந்து பெட்ரோல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இத்தனைக்கும் நான் வேலை பார்த்த இடம் எது? பெரியாறு பவர் ஹவுஸ். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே வரும் தண்ணீர், மலைமேலிருந்து நான்கு ராட்சத இரும்புக் குழாய்களில் இறங்கித்தான் லோயர் கேம்பில் டர்பைனைச் சுற்றுகிறது. குமுளி மலைப்பாதையில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முப்பத்தைந்து வருஷ சர்வீசில் பெரும்பாகம் மெக்கானிக்கல் பராமரிப்பில் போயிற்று. குழாய், வால்வு, பிளாஞ்ச், கேஸ்கட், ஒரு சொட்டுக் கசிவு தெரிந்தால் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை. அந்த ஆள் தன் காருக்கு அடியில் பதினான்கு வருஷம் பிளாஸ்டிக் பைப்பை வைத்துக்கொண்டு ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

என் மகளைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கே ஏலக்காய் வியாபாரம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்து எல்லையில் பாதை அடைபட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மகள் அப்போது மூன்று மாதம். வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கிறாள், இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருந்தும் நாங்கள் போய்ப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி இருப்பாள். அதனால் 2012 ஏப்ரலில் வளைகாப்பு வைத்துப் பிள்ளையை நம் வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று நாள் குறித்தபோது, அவள் எங்கள் காரில்தான் வர வேண்டும் என்று நானே பிடிவாதமாக நின்றேன். மாப்பிள்ளை நல்ல புதுக் கார் ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னார். கேட்கவில்லை.

காலையில் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டு, நான், வீட்டுக்காரி, மச்சினன், கொழுந்தியாள், தாம்பாளத் தட்டுகள் என்று கிளம்பினோம். லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் பிடித்ததும் வண்டி இழுக்கவில்லை. மூன்று இடத்தில் நின்றது. சித்திரை வெயில். 'வேப்பர் லாக்'தான் என்று முடிவு கட்டினேன். பழைய பெட்ரோல் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சூட்டில் பம்புக்கு அருகே பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியை இழுக்கப் பம்பால் முடியாது, வண்டி நின்றுவிடும். ஈரத் துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் கிளம்பும். அம்பாசிடரோ பியட்டோ, வண்டிக்குள் ஒரு துணியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் மலை ஏறியவர் உண்டா? அன்றைக்கும் ஏ.சி. பம்பின் மேல் ஈரத் துண்டைப் போட்டுப் போட்டு ஒருவழியாகக் குமுளி போய்ச் சேர்ந்தோம்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சோறு, கை நிறைய வளையல். மூன்று மணிக்கு மேல் இறங்கினோம். இறக்கத்தில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. வெயில் தாழ்ந்துவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் ரோட்டோரம் ஒரு சிறிய கோயில். பிள்ளையை முதல் தடவையாகக் கூட்டிப் போகிறோம், சூடம் காட்டிவிட்டுப் போவோம் என்றாள் வீட்டுக்காரி. மூக்கு கீழ்ப்பக்கமாகச் சரிந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு திரும்ப ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம் வண்டிக்கும் சுற்றிப் போட வேண்டும் என்று, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து, காருக்கு முன்னால் தரையில் வெற்றிலை மேல் சூடத்தை வைத்தாள். தீப்பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்துவிட்டாள்.

கதவுப் பக்கம் நின்றிருந்த மகள், "அம்மா, கொளுத்தாத! அப்பா, பெட்ரோல் வாடை வருது பாருங்க" என்று கத்தினாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பிள்ளைத்தாச்சிக்கு மூக்கு கூர்மை என்பார்கள். குனிந்து பார்த்தேன். என்ஜினுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, ஓடை மாதிரி முன்னோக்கி இறங்கியிருந்தது. வெற்றிலைக்கும் அந்த ஈரத்துக்கும் ஒரு சாண் இருக்கும்.

வீட்டுக்காரி கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. மகளையும் பெண்களையும் மேட்டுப் பக்கம் நாற்பதடி தள்ளி நிற்கச் சொன்னதாக மச்சினன் சொல்வார்.

அந்த நேரத்தில் ஏலத் தோட்டத்து வேலை முடிந்து இறங்கும் ஜீப்புகள் வரிசையாக வரும். ஒரு ஜீப் நின்றது. டிரைவர் தம்பி கூடலூர்க்காரர். உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள், நாள் முழுக்க ஏலம் எடுத்த அலுப்பு முகத்தில். விஷயம் தெரிந்ததும் முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் இறங்கிப் பின்னால் போய் நெருக்கிக்கொண்டார்கள். "வா தாயி, ஏறு. யம்மா, நீங்க பக்கத்துல உக்காந்து பிடிச்சுக்கங்க. ஏலே, மெதுவா ஓட்டு, வளவுல பிரேக்க அழுத்தாத" என்று டிரைவருக்கு ஒரு பெரியம்மா உத்தரவு. கம்பம் வரை கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கொடுத்த காசையும் வாங்காமல் போயிருக்கிறார்கள்.

நானும் மச்சினனும் வண்டிக்கு அடியில் படுத்தோம். பம்புக்கு வரும் பிளாஸ்டிக் பைப், கிளிப் போட்ட இடத்துக்கு அருகே நீளவாக்கில் கீறி வாய் பிளந்திருந்தது. பைப்பின் நிறம் பழைய பல் மாதிரி மஞ்சள். வளைத்தால் வளையாமல் சடக்கென்று ஒடிந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கீறல் விழுந்த நுனியை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்து, மீதியை இழுத்து ஏற்றிக் கிளிப் போட்டோம். அதன்மேல் பார் சோப்பைப் பிசைந்து அப்பினோம். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பது அந்தக் கால டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். சிந்திய இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாவியைத் தொட்டேன். இறங்கும்போது அந்த நான்கு குழாய்களும் கண்ணில் பட்டன. பார்க்கப் பிடிக்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் கணக்கு புரிந்தது. காலையில் நின்றது வேப்பர் லாக்கே இல்லை. டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள பைப்பில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சும் பைப்பில் கீறல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஏற்றத்தில் டேங்க் கீழே, என்ஜின் மேலே; பம்பு இன்னும் கஷ்டப்பட்டு இழுக்க வேண்டும், காற்றைத்தான் இழுக்கும். வண்டி நின்றது அதனால். இறக்கத்தில் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினால் டேங்க் மேலே வந்துவிடுகிறது. நிறைந்த டேங்க் வேறு. இப்போது அதே கீறல் வழியாகப் பெட்ரோல் தானாக இறங்கும். எங்கள் வீட்டு வாசலோ சமதளம். அங்கே ஒரு சொட்டும் விழுந்ததில்லை. ஏறும்போது திக்குகிற வண்டி, இறக்கத்தில் நிறுத்தினால் நாறுகிறது என்றால் வியாதி ஒன்றுதான். இதைப் பவர் ஹவுசில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் பாதித் தூக்கத்தில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஒடிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். "இது நாம் போட்டதுல்ல தம்பி" என்றார். "ஆமாண்ணே. நான் போடச் சொன்னது" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு, "சித்தப்பா வண்டியத் தூக்கு" என்றார்.

இந்த முறை உலோகம்தான் என்பதில் பேச்சே இல்லை. எந்த உலோகம் என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அவருக்குச் செம்பு பைப்தான் இஷ்டம். கையால் வளையும், எங்கும் கிடைக்கும். நான் வேண்டாம் என்றேன். செம்பு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தால் நாளடைவில் இறுகிப்போய், நட்டுக்கு அருகே வட்டமாகக் கீறல் விழும். போதாததற்கு, செம்பில் நாள் கணக்கில் தேங்கி நின்றால் பெட்ரோல் சீக்கிரம் பிசின் கட்டும். என்னைப் போல வாரம் ஒருமுறை வண்டி எடுக்கிறவனுக்கு அது ஆகாது. கடைசியில் லாரி, பஸ்களுக்கு பிரேக் பைப்பாகப் போடும் ஸ்டீல் பைப் என்று முடிவாயிற்று.

பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரிக்க வேண்டும், அதற்குப் பெயர் பிளேரிங். நட்டை முறுக்கும்போது அந்த விரிந்த வாய் எதிர்ப்பக்கத்தோடு அழுந்தி உட்கார்வதால்தான் கசியாது. கருவி அண்ணனிடம் இல்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரிடம் இரவல் வாங்கினோம். அது செம்புக்கான கருவி. ஸ்டீலை விரித்ததும் விளிம்பில் மயிரிழைக் கீறல். இரண்டாவது துண்டும் அப்படியே. மூன்றாவது நன்றாக வந்தது, கை தட்டாத குறைதான். பார்த்தால் நட்டை உள்ளே விடாமல் விரித்திருக்கிறோம். விரிந்த வாய்க்கு மேல் நட்டு எப்படி ஏறும்? அண்ணன் மகன் சிரித்த சிரிப்பில் அண்ணனும் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பிறகு பஸ்சேறித் தேனிக்குப் போனேன். லாரிகளுக்கு பிரேக் பைப் அடித்துக் கொடுக்கும் கடையில், பழைய பைப்பின் துண்டைக் காட்டி அதே அளவில் வாங்கினேன். ஸ்டீலுக்கு வாயை ஒருமுறை விரித்தால் போதாது, விரித்த விளிம்பை உள்ளுக்கு மடித்து இரட்டையாக அழுத்த வேண்டும். அப்போதுதான் கீறாது. கடைக்காரப் பையன் ஐந்து நிமிஷத்தில் நான்கு வாயும் அடித்துக் கொடுத்தான், நட்டை முதலில் போட்டுத்தான்.

மாட்டுவது ஒரு முழு நாள் வேலை. பாதி பெட்ரோல் டேங்கிலிருந்து கேனுக்குப் போயிற்று. ஷெட்டில் அன்று யாருக்கும் பீடி கிடையாது. பைப்பை ஆக்சா பிளேடால் அறுக்கவில்லை, தூள் உள்ளே போனால் கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொள்ளும். கட்டரால் சுற்றி வெட்டி, பிசிறு எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். சைலன்சர் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனோம். அடிக்கொரு கிளிப், கிளிப்புக்குள் ரப்பர். இல்லாவிட்டால் தகரத்தில் உரசியே ஓட்டை விழும். நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றலாமா என்று பையன் கேட்டான். வேண்டாம், பிளேர் வாய்க்கு அது தேவையுமில்லை, பிய்ந்து உள்ளே போனால் ஆபத்து.

முழுக்க முழுக்க இரும்பாகவும் போடக் கூடாது. பாடி ஒரு பக்கம் நிற்கிறது, என்ஜின் தனியாக ஆடுகிறது. இரண்டையும் இரும்பால் கட்டினால் என்றைக்காவது ஒடிந்தே தீரும். அதனால் பம்புக்கு முன்னால் ஒரு முழத்துக்கும் குறைவாக நல்ல பெட்ரோல் ஓஸ். ஓஸ் ஏறும் இரும்பு முனையில் ஒரு வளையம் புடைத்திருக்க வேண்டும், வழவழப்பாக விட்டால் கிளிப்பையும் மீறி உருவிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் வண்டியை ஷெட்டு வாசல் சரிவில் மூக்கு கீழே இருக்க நிறுத்தி, அடியில் தினத்தந்தித் தாளை விரித்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தாள் காய்ந்திருந்தது. அண்ணன் கூலி வாங்க மாட்டேன் என்று மூன்று நாள் சண்டை. அவர் மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிளாஸ்டிக் என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய கார்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே நைலான் பைப்போடுதான் வருகின்றன. அது பெட்ரோலுக்கென்றே செய்த, பல அடுக்கு உள்ள சரக்கு. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பைப்பும் அதுவும் ஒன்றல்ல. பழைய வண்டி வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் இப்போது பார்க்க வேண்டியது ரப்பரை. 2025-இல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. நான் அதற்கு முன்பே பம்பின் டயாபிரத்தையும் அந்த முழ நீள ஓசையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட்டேன். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் இரும்பு டேங்கும் உள்ளே துருப்பிடிக்கும். வண்டியை மாதக் கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

மெக்கானிக் அண்ணன் 2019-இல் போய்விட்டார். ஷெட்டை மகன் நடத்துகிறான். அந்த ஜீப் டிரைவரைப் பிறகு இரண்டு தடவை கூடலூரில் பார்த்தேன். முன் சீட்டை விட்டுக்கொடுத்த அந்தப் பெண்களை யாரென்று கடைசி வரை தெரிந்துகொள்ள முடியவில்லை.

2012 ஜூலையில் பிறந்த பேரன் இப்போது எட்டாவது படிக்கிறான். லீவுக்கு வந்தால் வண்டியைக் கேட் சரிவில் இறக்கச் சொல்லி, பேப்பர் விரிப்பது அவன் வேலை. போன ஞாயிற்றுக்கிழமையும் விரித்தான். காலையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒரு பொட்டு இருக்கு!" என்று கத்தினான். எனக்குப் பகீரென்றது. போய் முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் இல்லை, கியர் பாக்ஸ் ஆயில். அது வேறு கதை, அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.